கடல் பன்றியும் என் மீன் கடையும்

மாத்தளை டவுனில் என்னைத் தெரியாத ஒருவர் இருந்தால், அவர் மீன் சாப்பிடாதவராகத்தான் இருக்க வேண்டும். பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைக்காகச் சொன்னாலும் அதில் தப்பில்லை. றத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்து, மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, சைக்கிளின் பின்னால் பெட்டி கட்டிக்கொண்டு ரிவர்ஸ்டன் பக்கத்து மூடுபனிக்குள் ஹோர்ன் அடித்து அடித்து மீன் விற்றவன் நான். அந்த மூடுபனியில் என் முகத்தைப் பார்க்காமலே, ஹோர்ன் சத்தத்தை வைத்துச் சட்டியோடு வெளியே வந்தவர்களின் பிள்ளைகள் இன்றைக்கு என் கடைக்குக் காரில் வருகிறார்கள். மார்க்கெட்டுக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுகிற கடை என்னுடையதுதான்.

கடலே இல்லாத ஊரில் மீன் விற்றுப் பெயர் எடுப்பது லேசான காரியம் இல்லை. கடற்கரைக்காரன் மீனைப் பார்த்து வாங்குவான். எங்கள் ஊர்க்காரர்கள் மீன்காரனைப் பார்த்து வாங்குகிறார்கள். அந்தப் பெயரை நான் சந்தேகத்தால்தான் சம்பாதித்தேன். ஐஸைச் சந்தேகப்படுவேன். லொறிக்காரனைச் சந்தேகப்படுவேன். செவுள் சிவப்பாக இருந்தால், ஏன் இவ்வளவு சிவப்பு என்று அதையும் சந்தேகப்படுவேன். "நான் போடுற தேத்தண்ணியில கூட ஒங்களுக்குச் சந்தேகம்" என்று என் மனைவி சொல்வாள். உண்மைதான். சீனி போட்டேன் என்பாள், போட்டிருக்க மாட்டாள்.

இப்போது சொல்லப்போவது பன்றிக் காய்ச்சல் நாட்டுக்குள் வந்த காலத்துக் கதை. பண்ணைகளில் பன்றிகள் செத்துக்கொண்டிருந்தன. குழி தோண்டிப் புதைப்பதை டிவியில் காட்டினார்கள். வஹகோட்டைப் பக்கத்திலிருந்து வந்து ஞாயிற்றுக்கிழமைச் சமையலுக்குப் பன்றி இறைச்சி வாங்குகிறவர்கள் அதை விட்டுவிட்டு மீனுக்கு வந்தார்கள். எனக்கு அது நல்ல காலம். ஒருவனுக்கு நல்ல காலம் வந்தால் அக்கம் பக்கத்தில் எத்தனை பேருக்கு வயிறு எரியும் என்று நான் அப்போதே யோசித்திருந்தேன். எதிர்க்கடைக் கோழிக்காரன் என் பக்கம் பார்க்கிற பார்வை கொஞ்சம் மாறியிருந்தது.

ஒரு திங்கட்கிழமை காலை. பெட்டிகளைத் திறந்து, தோராவையும் பாரையையும் பலகையில் அடுக்கி, தண்ணீர் தெளித்துவிட்டு நிற்கிறேன். தோட்டத்துப் பக்கத்து ஆட்கள் இரண்டு மூன்று பேர் வந்தார்கள், விலை கேட்டார்கள், வாங்காமல் போனார்கள். முஸ்லிம் தெருவிலிருந்து ஒருவர்கூட வரவில்லை. என் மீனைச் சுற்றி ஈ கூட இல்லாத மாதிரி ஒரு வெறுமை.

கடைசியில் நானா வந்தார். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறவர். அவர் குடும்பம் இந்த டவுனில் எத்தனை தலைமுறை என்று அவருக்கே தெரியாது. நான் கடை போட்ட முதல் நாள் முதல் என்னிடம்தான் மீன் எடுக்கிறார். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர் என்பதால் நான் அவரை நானா என்பேன். அவர் என்னை முதலாளி என்பார், பாதி மரியாதை, பாதி நையாண்டி. அவர் பையில் எந்த மீன் விழுகிறதோ அதுதான் அன்றைக்கு அவருடைய தெரு முழுவதும் சட்டியில் கொதிக்கும்.

அன்றைக்கு அவர் கையில் பை இல்லை.

"என்ன நானா, பைய மறந்துட்டீங்களா?"

"பை வீட்டுல ஈக்குது முதலாளி. மனசுதான் சரியில்ல."

"ஏன், என்னா நடந்திச்சு?"

அவர் பலகைக்கு மேலே குனிந்து, ஒரு பாரையைக் கையால் தொடாமல் கண்ணாலேயே திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"திருகோணமலைக் கடல்ல நோய் வந்து செத்த பன்னியள் மிதக்குதாம். இந்த மீனெல்லாம் அதத்தான் தின்னுதாம். எங்கட தெருவுல சின்னப் புள்ளகூட செல்லுது."

"எவன் சொன்னான்?"

"எவன் செல்லல்லண்டு கேளுங்க. பன்னி தின்ன மீன நான் எப்பிடி சோத்துக்கு வெச்சுக் குடுக்குற? நோய் வேற, ஹராம் வேற. ரெண்டும் ஒரே சட்டியில."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. நான் விலை குறைத்தால் மற்றவர்கள் திரும்பி வருவார்கள். நானா ஒரு மீனை ஹராம் என்று விட்டுவிட்டால், அவர் தெரு என் பலகையை இனித் திரும்பிப் பார்க்காது. அந்தத் தெரு இல்லாமல் என் கடை இல்லை. சைக்கிளில் தொடங்கியதை ஒரு வார்த்தை வந்து பறித்துக்கொண்டு போகிறது என்று நினைத்தேன்.

உடனே எதிர்க்கடைக்குப் போனேன். கோழிக்காரன் கத்தியைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"தம்பி, கடல்ல பன்னி மிதக்குதுன்னு நீதான் கெளப்பி விட்டியா?"

"அண்ணே, எனக்கு அந்தளவு மூள இருந்தா நான் ஏன் கோழி ரோமம் புடுங்கிக்கிட்டு இருக்கேன்?"

"அப்ப ஒனக்கு யாரு சொன்னது?"

"தம்புள்ளையில மரக்கறி ஏத்தப் போன ஆளுங்க. அங்க தேத்தண்ணிக் கடையில சொன்னாங்களாம். ஒங்க மீன் லொறி டிரைவர்தான் சொன்னதாம்."

என் லொறி. என் டிரைவர். என் மீனைக் கொண்டுவருகிறவனே என் மீனைப் பற்றிக் கதை கட்டுகிறான் என்றால் எதிரியை வெளியில் தேட வேண்டியதில்லை. டிரைவர் தம்புள்ளைப் பக்கத்துச் சிங்களப் பையன். திருகோணமலையில் என் மீனை ஏற்றிக்கொண்டு வருகிறவன். மல்லி என்றுதான் கூப்பிடுவேன், சிங்களத்தில் தம்பி. தமிழ் ஓரளவு பேசுவான். ஓரளவு என்பதுதான் பிரச்சினை என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

நானாவிடம் திரும்பி வந்து ஒன்று சொன்னேன்.

"நானா, நான் சத்தியம் பண்ண மாட்டேன். மீன்காரன் சத்தியத்த யாரும் நம்பக் கூடாது. நீங்களே என்கூட வாங்க. கடல்ல பன்னி மெதந்தா நானே கடைய மூடிர்றேன்."

"திருகோணமலைக்கா? இந்த முழங்காலோடயா?"

"முழங்கால லொறியில முன்னுக்கு வெச்சுக்குவோம்."

"நான் எல்லாத்தையும் பாப்பேன் முதலாளி. நீங்க காட்டுறத மட்டும் இல்ல."

"பாருங்க. அதுக்குத்தானே வரச் சொல்றேன்."

மறுநாள் விடிய, சுபஹு தொழுகை முடிந்து அவர் வந்தார். கையில் தண்ணீர்ப் போத்தலும் வீட்டில் கட்டிக் கொடுத்த ரொட்டியும். வழியில் எதையும் நம்பிச் சாப்பிட அவர் தயாரில்லை. வெற்றுப் பெட்டிகள் பின்னால் கடகடக்க, நாலந்தையைத் தாண்டி, தம்புள்ளை மரக்கறிச் சந்தையான பொருளாதார நிலையத்து லொறி நெரிசலில் மாட்டிக்கொண்டு நின்றபோது நான் டிரைவரைப் பிடித்தேன்.

"மல்லி, கடல்ல பன்னி மெதக்குதுன்னு இங்க யார்கிட்ட சொன்ன?"

அவன் கண்ணாடியில் என்னைப் பார்த்தான், பிறகு ரோட்டைப் பார்த்தான்.

"பன்னி மெதக்குதுன்னு நான் சொல்லல முதலாளி. அங்க மீன்காரங்க சொன்னத சொன்னேன்."

"அவங்க என்னா சொன்னாங்க?"

"கடல் பண்டி சாகுதுன்னாங்க. நோய் வருத்தம் வந்து கரைக்கு வருதுன்னாங்க. நான் இங்க தேத்தண்ணிக் கடையில 'முஹுதே ஊரோ' சாகுதுன்னு சொன்னேன். ஊரான்னா பன்னிதானே?"

நானா என் முகத்தைப் பார்த்தார். நான் நானாவின் முகத்தைப் பார்த்தேன். கிழக்குக் கரையில் பன்றியைப் பண்டி என்பார்கள். அவன் அதைச் சிங்களத்துக்கு மாற்றினான், கடலின் பன்றிகள் என்று. தேத்தண்ணிக் கடையில் காதில் வாங்கிய எங்கள் ஊர் ஆட்கள் அதை மறுபடி தமிழுக்குத் திருப்பினார்கள், கடலில் பன்றிகள் என்று. பண்ணையில் பன்றி சாகிற நேரம். செத்ததைக் கொண்டுபோய்க் கடலில் போட்டார்கள் என்கிற மிச்சத்தை யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை, தானாக ஒட்டிக்கொண்டது.

"பாத்தீங்களா நானா, ஒரு வார்த்த ரெண்டு தடவ மாறியிருக்கு, அவ்வளவுதான்" என்றேன்.

"அவ்வளவுதான் எண்டு நீங்க செல்றீங்க. கடல் பண்டி எண்டா என்னண்டு இன்னும் நான் பாக்கல்லயே. பேரு பன்னிதானே? பேரு சும்மா வருமா?"

இத்தனை காலம் மீன் விற்றும் நான் அதைப் பார்த்ததில்லை. பார்க்கவில்லை என்று அவரிடம் சொல்லவும் இல்லை.

திருகோணமலைக்கு அப்பால், எனக்கு மீன் தருகிற சம்மாட்டியாரின் வாடி இருக்கிற கரைக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. சம்மாட்டியார் என்றால் படகும் வலையும் வைத்திருக்கிற முதலாளி. வாடி என்றால் மீனைச் சேர்த்து ஐஸ் போடுகிற அவருடைய கொட்டகை. கொட்டகையிலிருந்து கொஞ்சம் தள்ளி மணலில் ஒரு கூட்டம் நின்றது. நாய்களை யாரோ கல்லெறிந்து துரத்திக்கொண்டிருந்தார்கள். நாங்கள் மூன்று பேரும் அங்கே போனோம்.

மணலில் கிடந்தது சாம்பல் நிறத்தில், வழுவழுவென்று, ஒரு ஆள் நீளத்துக்கு மேல் இருந்தது. நீட்டிய வாய். தலைக்கு மேலே ஒரு ஓட்டை. அதன் பக்கத்தில் இன்னொன்று.

நானா இரண்டு சுற்று சுற்றி வந்தார்.

"இதா பன்னி?"

"இதுதான் கடல் பண்டி" என்றான் அங்கே நின்ற ஒருவன். "டொல்பின் எண்டும் சொல்லுவினம்."

"காலும் இல்ல, குளம்பும் இல்ல. இதுக்கு எவன் பன்னி எண்டு பேர் வெச்ச? வெச்சவன இங்க கூட்டி வாங்க, நான் கேக்கணும்."

கூட்டம் சிரித்தது. சிரிக்காத ஒரு பெண் மட்டும் இருந்தார். முகக்கவசம், நீளக் கையுறை, முழங்கால் வரை பூட்ஸ் போட்டு, மண்டியிட்டு அந்தப் பிராணியின் நெஞ்சைக் கிழித்துக்கொண்டிருந்தார். மிருக வைத்தியர் என்றார்கள். சின்ன வயதுதான். எங்களைப் பார்த்துச் சிங்களத்தில், இன்னும் பின்னால் தள்ளி நில்லுங்கள், தொடாதீர்கள் என்றார்.

அரசாங்கத்து ஆள் ஒருவர் என்னைப் பார்த்துப் பின்னால் போ என்றால் எனக்கு உடனே வருகிற சந்தேகம், முன்னால் எதையோ மறைக்கிறார்கள் என்பது. நான் பின்னால் போகவில்லை. நானும் சிங்களத்தில் கேட்டேன்: "டொக்டர் மிஸ், இதுக்கு வந்தது பன்றிக் காய்ச்சலா?"

அவர் கையை நிறுத்தி நிமிர்ந்தார். "யார் சொன்னது?"

டிரைவர் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். இது மீனே இல்லை. நம்மைப் போல மூச்சு விடுகிறது, குட்டிக்குப் பால் கொடுக்கிறது. கூட்டமாகப் போகும், கூட்டமாக மேலே வந்து மூச்சு விடும். நோய் வந்தது விடுகிற மூச்சின் தூவானம் பக்கத்தில் வருகிறதின் தலை ஓட்டைக்குள் போகிறது. அப்படியே தொற்றுகிறது. நெஞ்சு கெடுகிறது, மூளை கெடுகிறது, திசை தெரியாமல் கரைக்கு வந்து விழுகிறது. மனிதருக்கு வருகிற சின்னமுத்து என்கிற தட்டம்மைக் கிருமிக்கு ஒரு சொந்தக்காரக் கிருமி இதுகளைப் பிடிப்பதுண்டு, அதுவாக இருக்கலாம் என்று நினைக்கிறேன் என்றார்.

"இருக்கலாமா, இருக்குதா?" என்றேன்.

"சோதிக்காமல் சொல்ல மாட்டேன் அங்கள். இந்த நெஞ்சுத் துண்டும் மூளைத் துண்டும் ஐஸில் போய்ச் சேர வேண்டும். பார்த்த பிறகுதான் சொல்ல முடியும்."

செவுளைத் தூக்கிப் பார்க்காமலே நல்ல மீன் என்று சொல்கிறவனை நான் என் கடையில் நிற்கவிட மாட்டேன். அந்தப் பிள்ளை தெரியாது என்று சொன்ன பிறகுதான் அவர் சொன்ன மற்றதையும் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டேன். முழுதாக நம்பினேன் என்று சொல்ல மாட்டேன்.

நானா தன் கேள்வியைக் கேட்டார். நான் மொழிபெயர்க்கவில்லை, அவரே நல்ல சிங்களத்தில் கேட்டார். "மீனுக்கு இது தொத்துமா, மகள்?"

"இந்த வகைக் கிருமி மூச்சு விடுகிற இந்த மாதிரிப் பிராணிகளில்தான் வாழ்கிறது. மீனுக்கு நுரையீரலே இல்லையே. உயிரோடு பிடித்து ஒழுங்காக ஐஸ் போட்ட மீனைப் பற்றி நான் பயப்பட மாட்டேன். ஆனால் செத்து ஒதுங்கின எதையும், மீனோ இதுவோ, யாரும் எடுக்கக் கூடாது. செத்த உடம்பில் வேறு கிருமிகளும் இருக்கும்."

பிறகு அவர் அங்கே நின்றவர்களைப் பார்த்துச் சத்தம் போட்டார். போன வாரம் ஒன்று உயிரோடு கரைக்கு வந்ததாம். இவர்கள் பாவம் பார்த்து மறுபடி கடலுக்குள் தள்ளிவிட்டார்களாம். "நோயாளியைத் திருப்பிக் கூட்டத்துக்குள் அனுப்பிவிட்டீர்கள். இனி ஒன்று வந்தால் தள்ள வேண்டாம், நிழல் போட்டு, ஈரத் துணி போட்டு, என்னைக் கூப்பிடுங்கள். செத்ததை இழுத்துக் கடலில் விட வேண்டாம். ஆழமாகத் தோண்டிப் புதையுங்கள். நாய்களைக் கட்டி வையுங்கள்."

அவர்கள் தலையாட்டினார்கள். தலையாட்டுகிற ஆட்களை எனக்குத் தெரியும்.

அப்போதுதான் நான் இரண்டாவது உடலைக் கவனித்தேன். அதன் முதுகுப் பக்கத்தில் ஒரு பெரிய பள்ளம். கடித்த பள்ளம் இல்லை. ஓரம் நேராக இருந்தது, வெள்ளைக் கொழுப்பு தடிப்பாகத் தெரிந்தது. வாழ்நாள் முழுவதும் கத்தி பிடித்தவன் நான். கத்தி போன வழியை எனக்குக் காட்டித் தர வேண்டியதில்லை. வைத்தியரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அங்கள் மீன் வியாபாரமா?"

"ஓம். மாத்தளையில். கேட்டுப் பாருங்கள், என் கடையை எல்லாருக்கும் தெரியும்."

"தலை, தோல் இல்லாமல் இறைச்சித் துண்டுகளாக யாராவது விற்க வந்தார்களா? இதைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். ஆனாலும் யாரோ வெட்டி எடுக்கிறார்கள். நோயில் செத்ததை."

என்னையே சந்தேகப்படுகிறார்! எனக்கு மூக்கு நுனி வரை கோபம் வந்தது. நானா பக்கத்தில் நின்று என் முகத்தைப் படித்துக்கொண்டிருந்தார்.

"என் பலகையில் தலையில்லாத மீன் படுத்ததே இல்லை மிஸ்" என்றேன். "தலையிலிருந்து நானே வெட்டுவேன். இந்த மனிதரைக் கேளுங்கள்."

"இதுவரைக்கும் அப்படித்தான்" என்றார் நானா. இதுவரைக்கும் என்று அவர் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

வைத்தியருடைய ஐஸ் கரைந்துகொண்டிருந்தது. அவருடைய வாகனம் வர நேரமாகும் என்றார்கள். துண்டுகள் கெட்டால் சோதித்துப் பிரயோசனமில்லை. நான் டிரைவரை அனுப்பி லொறியிலிருந்து ஒரு ரெஜிபோம் பெட்டியை எடுத்து, வாடியில் ஐஸ் வாங்கி நிரப்பிக் கொண்டுவரச் சொன்னேன். கொடுக்கும்போது ஒன்று சொன்னேன்: "இந்தப் பெட்டி மறுபடி எந்த மீன் லொறிக்கும் போகக் கூடாது." அவர் சிரித்து, "போகாது. சோதனை முடிந்ததும் பெட்டியையும் அழித்துவிடுவோம்" என்றார். நானா அந்த மூடி டேப் போட்டு ஒட்டப்படும் வரை அங்கேயே நின்றார்.

பிறகு வாடிக்குப் போனோம்.

சம்மாட்டியார் என்னைக் கண்டதும் கையை விரித்துக்கொண்டு வந்தார். "என்ன அண்ணே, ஆளும் பேருமா வந்திருக்கிறியள்? பொம்பிளை பாக்கவோ?"

"மீன் பாக்க வந்தோம்" என்றார் நானா. "எங்கட ஊருக்குப் போற பெட்டி எல்லாத்தையும் தொறங்க."

சம்மாட்டியாரின் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. "இவ்வளவு காலத்தில அண்ணன் ஒரு நாளும் இப்பிடிக் கேட்டதில்லையே."

"இவ்வளவு காலத்துல பன்னி கதையும் வரல்ல" என்றேன் நான்.

திறந்தார். தோரா, பாரை, பலயா. நான் செவுளைத் தூக்கினேன், நானா மோந்து பார்த்தார். வயிற்றை அமுக்கினேன், நானா கண்ணைப் பார்த்தார். இரண்டு பேரும் மாமியார் வீட்டில் நகை பார்க்கிற மாதிரி பார்த்தோம். எல்லாம் நல்ல மீன். என் மனம் லேசானது. மூலையில் சாக்குப் போட்டு மூடிய ஒரு பெட்டி இருந்தது.

"அது?" என்றார் நானா.

"அது உங்கட இல்லை. தம்புள்ளையில இறங்கிற மீன். கொப்பரா."

"என் லொறியிலயா எறங்குது?" என்றேன்.

"லொறியில இடம் கிடந்தா ஏத்திவிடுறது அண்ணே. ஒரு பெடியன் கொண்டு வந்து வைச்சிட்டுப் போறவன். துண்டாத்தான் வரும்."

டிரைவரைப் பார்த்தேன். "எனக்குத் தெரியாது முதலாளி. பெட்டிய எறக்குவேன், ஒருத்தர் வந்து தூக்கிட்டுப் போவார். கொப்பரான்னுதான் சொன்னாங்க" என்றான்.

சாக்கை விலக்கினேன். தலையில்லை, தோலில்லை. கட்டி கட்டியாக, கறுப்புக்குப் பக்கத்தில் போன சிவப்பு. என் கத்தியைத் துணியிலிருந்து எடுத்து ஒரு கட்டியைக் குறுக்கே அறுத்தேன். கொப்பராவை அறுத்து விரலால் அமுக்கினால் மடிப்பு மடிப்பாக விலகும். மீன் என்றால் விலக வேண்டும். இது விலகவில்லை. நூல் நூலாக, மாட்டுத் தசை மாதிரி இழுபட்டது. ஒரு ஓரத்தில் வெள்ளைக் கொழுப்பு தடிப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. எந்தக் கொப்பராவுக்கும் அப்படிக் கொழுப்பு கிடையாது. மணலில் சற்று முன் பார்த்த அதே கொழுப்பு.

நானா என் தோளுக்குப் பின்னால் நின்று கேட்டார். "முதலாளி, இது மீனா?"

ஆமாம் என்று சொன்னால் முடிந்தது. கொப்பரா, எனக்கு வராத பெட்டி, வாங்க போகலாம். பன்றி இல்லை என்பதை அவர் கண்ணாலேயே பார்த்துவிட்டார். நாளைக்கு அவர் பை என் பலகைக்கு வரும், தெருவும் வரும். இல்லை என்று சொன்னால், என் மீனோடு ஒரே லொறியில், ஒரே ஐஸ் தண்ணீர் ஒழுகுகிற தட்டில் இது வந்திருக்கிறது என்று நானே சொன்னதாகிவிடும். அவர் என் கடையை விட்டுப் போனால் நான் குறை சொல்ல முடியாது.

ஆனால் என்னிடம் இருப்பது என்ன? படிப்பு இல்லை, அப்பன் சொத்து இல்லை. இந்தக் கையும் மூக்கும்தான். அவர் என்னை நம்பி வாங்கியதெல்லாம் இந்த இரண்டையும் நம்பித்தான்.

"மீன் இல்ல நானா" என்றேன். "இது அந்தக் கரையில கெடக்குறதோட சத."

"அண்ணே!" என்று சம்மாட்டியார் பாய்ந்து வந்தார். "வாயக் கொஞ்சம் பாத்துக் கதையுங்கோ. வெளியில டொக்டர் நிக்கிறா. பெடியன் வைச்சிட்டுப் போனதுக்கு நான் என்ன செய்ய?"

"டொக்டர் நிக்கிறதாலதான் சொல்றேன். மல்லி, போய் மிஸ்ஸக் கூட்டிட்டு வா."

வைத்தியர் வந்தார், பார்த்தார், பெட்டியை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். அந்தப் பெடியன் யார் என்று கேட்டார். யாருக்கும் பெயர் தெரியாதாம். இத்தனை காலம் பெட்டி வைத்துப் போகிறவனின் பெயர் தெரியாதாம். சம்மாட்டியார் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். அழுதார்கூட. அவர் அழுதது பயத்திலா, உண்மையாகவே தெரியாமல் அகப்பட்டுக்கொண்டதாலா என்று அன்றைக்கும் எனக்குப் புரியவில்லை, இன்றைக்கும் புரியவில்லை.

எங்கள் மீனை ஏற்றுவதற்கு முன் லொறியின் தட்டைக் கழுவினோம். டிரைவர் தண்ணீர் ஊற்றினான், நான் தேய்த்தேன். நானா முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்று, "அந்த மூல, அந்த மூல" என்று காட்டினார். திரும்பி வரும் வழியில், தம்புள்ளையைத் தாண்டின பிறகு அவர் சொன்னார்.

"ஊர்ல செல்ற கத முழுசாப் பொய்யில்ல, முதலாளி."

"பன்னி பொய் நானா."

"பன்னி பொய். பெட்டி மெய்." என் பக்கம் திரும்பிக் கேட்டார். "நீங்க ஏன் ஆமாண்டு செல்லல்ல? எனக்குத் தெரிஞ்சீக்காதே."

"ஒங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியுமே."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வருவார் என்றும் சொல்லவில்லை, வரமாட்டார் என்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலை நான் பலகையை அடுக்கிவிட்டு, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டு நின்றேன். மார்க்கெட்டில் கூட்டம் இருந்தது, என் கடைக்கு முன்னால் மட்டும் இல்லை. நானா பையோடு வந்தார். நேராக வந்து ஒரு முழுத் தோராவை இரண்டு கையாலும் தூக்கி, எல்லாரும் பார்க்கும்படி செவுளை விரித்தார்.

"பாருங்க! பன்னிக்கு இப்பிடி செவுள் ஈக்குமா?" மார்க்கெட்டே திரும்பியது. "நானே போய்ப் பாத்தேன். கடல்ல பன்னியும் இல்ல, ஒண்டும் இல்ல. டொல்பினுக்கு வருத்தம், அதுக்குப் பேரு வெச்சவனுக்குப் புத்தி இல்ல. ஆனா ஒண்டு: தலையும் தோலும் இல்லாத மீன யார்கிட்டயும் வாங்காதீங்க. இவருக்கிட்டயும்தான்."

கடைசியில் சொன்னது எனக்குக் குத்தியது. ஆனாலும் தெரு அன்றைக்கே வந்தது. வந்தவர்கள் எல்லாரும் "தலையோட காட்டுங்க" என்றார்கள். எதிர்க்கடைக் கோழிக்காரனும் வந்து, "அண்ணே, வெட்டின பொறகு அந்தத் தலைய எனக்குத் தாங்க, சும்மாதான்" என்றான். அவனுக்கு ஒரு பாரைத் தலை கொடுத்தேன். அவன் அதையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கொண்டுபோனான்.

சம்மாட்டியாரிடம்தான் இப்போதும் மீன் எடுக்கிறேன். ஆனால் லொறியில் என் பெட்டிகளைத் தவிர வேறு பெட்டி ஏறினால் அந்த லோட் எனக்கு வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். டிரைவர் ஒரு நாள் செய்தி கொண்டு வந்தான்: சோதனையில் அந்த டொக்டர் மிஸ் நினைத்த கிருமிதான் என்று வந்ததாம், இப்போது ஒதுங்குவது குறைந்துவிட்டதாம், இருந்தாலும் ஒன்று வந்தால் உடனே சொல்லச் சொல்லிக் கரை முழுக்க ஆள் வைத்திருக்கிறார்களாம். கடல் பண்டி என்று சொல்லாமல் டொல்பின் என்றே மூன்று தடவை சொன்னான். பாடம் படித்துவிட்டான்.

அந்தப் பெட்டியைத் தம்புள்ளையில் தூக்கிக்கொண்டு போனது யார் என்று மட்டும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. நானா எப்போதாவது மீன் எடுத்துக்கொண்டிருக்கும்போது அதைக் கேட்பார். நான் தெரியாது என்பேன். அவர் என்னை ஒரு முறை பார்ப்பார், பிறகு செவுளைத் தூக்குவார்.

வெளியூர் போனால் சோற்றுக் கடையில் மீன் குழம்பு வரும்போது நான் சாப்பிடுவதற்கு முன் துண்டைத் திருப்புவேன். தோல் இருக்கிறதா என்று பார்ப்பேன். விரலால் அமுக்கிப் பார்ப்பேன், மடிப்பாக விலகுகிறதா என்று. விலகினால் சாப்பிடுவேன். குழம்பு கறுப்பாக இருந்து, துண்டில் தோல் இல்லாவிட்டால், பருப்பைப் பிசைந்து சாப்பிட்டுவிட்டு எழுந்து விடுவேன். "ஏன் ஐயா, மீன் நல்லா இல்லையா?" என்று கடைக்காரர் கேட்பார். பதில் சொல்வதற்கு முன் அவர் முகத்தைத்தான் பார்ப்பேன்.